தெரிஞ்சுதான் வந்தேன்

டெலிவிஷன் பார்ப்பதற்கு ஒரு மனுசனுக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்பதைப் பார்ன்ஷா என்ற நெசவு ஊர் கடைசிவரை நம்பவில்லை. ஆர்னல்ட் பர்ட்விசில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முப்பது வருசம் தாண்டிய பிறகும், மீன் வறுவல் கடை வரிசையில் நின்றால் எவனாவது கேட்பான்.

"என்ன ப்ரொபசரே, இந்த வாரம் யாரு கொலைகாரன்?"

"இந்த மீனை வறுத்தவன்தான்" என்பார் ஆர்னல்ட். கடைக்காரன் கரண்டியைக் காட்டி மிரட்டுவான். வரிசை சிரிக்கும்.

துப்பறியும் கதைகள் புத்தகத்திலிருந்து டெலிவிஷனுக்கு எப்படி வந்து சேர்ந்தன, வரும் வழியில் எதைத் தொலைத்தன, எதைச் சேர்த்துக்கொண்டன என்பதுதான் அவர் ஆராய்ச்சி. ஆரம்பத்தில் பல்கலைக்கழகத்திலும் கேலிதான். இலக்கியம் நடத்துகிற ஆட்கள் நடைவழியில் எதிர்ப்பட்டால், "வீட்டுக்கு வீடு ஓடுற பெட்டிக்கு எதுக்கய்யா வாத்தியார்?" என்பார்கள். இவர் நெசவு ஊர்க்காரர். கேலியை வாங்கி வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கத் தெரியும்.

அவர் பெயர் வெளியே தெரிந்தது ஒரே ஒரு புத்தகத்தால். அதில் அவர் சொன்னது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கதைப் புத்தகத்தில் ஒரு வேலைக்காரியை மறைக்க வேண்டும் என்றால் எழுதுகிறவன் அவளைப் பற்றிப் பேசாமல் விட்டால் போதும். டெலிவிஷனில் அப்படி முடியாது. அவள் தட்டை ஏந்திக்கொண்டு சன்னலோரம் நின்றாக வேண்டும். எல்லார் கண் முன்னாலும் நிறுத்தி வைத்துக்கொண்டே யாரும் பார்க்காதபடி செய்ய வேண்டும். அதுதான் தொழில். "பார்க்கிறவன் பார்க்க ஆசைப்படுவதை மட்டுமே பார்ப்பான்" என்று எழுதியிருந்தார். அந்த வரியைப் பிற்பாடு பலர் எடுத்துப் போட்டார்கள்.

இந்த யோசனை அவருக்கு நூலகத்தில் கிடைத்ததல்ல. ஒவ்வொரு வருசமும் புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதல் வகுப்பிலேயே அந்தக் கதையைச் சொல்லிவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. ஆர்னல்டுக்கு இருபது வயது. பள்ளிக்கூட வாத்தியாரின் மகன், பகலில் நகராட்சியில் குமாஸ்தா. மேவிஸ் ஆஷ்வர்த் என்ற தறிக்காரி வீட்டுப் பெண்ணோடு அவருக்குக் கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. மோதிரம்கூடப் போட்டாயிற்று. ஆனால் மேவிசுக்கு நடிப்பில் ஆசை. லண்டன் போய் ஒரு வருசம் அலைந்து, கடைசியில் ஒரு துப்பறியும் தொடரில் வேலைக்காரி வேசம் கிடைத்தது. ஒரு வரி வசனம் கிடையாது. துப்பறிவாளர் சோபாவில் உட்கார்ந்து குற்றவாளியைச் சுற்றி வளைக்கும்போது பின்னால் சன்னலோரம் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் எல்லாம் நேரடி. நடிக்க நடிக்க வீட்டுக்கு வந்துவிடும்.

மேவிசின் அம்மா தெருவையே கூப்பிட்டுவிட்டாள். எட்டு ஒன்பது பெண்கள், எல்லாரும் தறிக்கூடத்துக்காரிகள், கையில் டீயோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். புதன்கிழமை ஆர்னல்டுக்கு மாலைப் பள்ளிக்கூடம். அன்று போகவில்லை. பெண்கள் நடுவில் ஒரே ஆண்பிள்ளையாக, மடியில் சாஸரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மேவிஸ் வந்தாள். வெள்ளைத் தொப்பி, தட்டு, சன்னல். துப்பறிவாளர் பேசிக்கொண்டே இருந்தார். பின்னால் மேவிசின் உதடு அசைந்தது. சத்தம் இல்லை. உதடு மட்டும் அகலமாக, நிதானமாக அசைந்தது.

பார்ன்ஷாவில் அது யாருக்கும் புதிதல்ல. தறிக்கூடத்தில் நானூறு தறி ஒரே நேரத்தில் ஓடும்போது காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்காரிகள் உதட்டாலேயே பேசுவார்கள், உதட்டைப் பார்த்தே படிப்பார்கள். அதற்கு மீ-மா என்று பெயர். கூடத்தின் அந்தக் கோடியில் நிற்பவள் இந்தக் கோடியில் நிற்பவளுக்குப் புருசன் வம்பு முழுவதையும் சொல்லி முடித்துவிடுவாள். சத்தமே கேட்காது. மேவிசும் லண்டன் போகுமுன் இரண்டு வருசம் தறி ஓட்டினவள்தான். ஆர்னல்டுக்கு மட்டும் அது வராது. வாத்தியார் மகன்.

"என்ன சொல்றா? நம்ம மேவிஸ் என்ன சொல்றா?" என்று கேட்டார்.

டீக் கோப்பைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. மேவிசின் அக்கா எல்சிதான் சொன்னாள்: "சனிக்கிழமை வராளாம். உன்னைய ஸ்டேஷனுக்கு வரச் சொல்றா, கண்ணு."

"டெலிவிஷன்லயா சொன்னா! எனக்கா!"

"உனக்குத்தான்."

ஊர் முழுக்கப் பார்க்கிற பெட்டிக்குள்ளிருந்து ஒருத்தி தனக்கு மட்டும் சேதி சொன்னாள். அந்த ராத்திரியே ஆர்னல்டின் வாழ்க்கை எந்தப் பக்கம் போகும் என்று முடிவாகிவிட்டது. சாகும்வரை இந்தப் பெட்டியை விடுவதில்லை.

சனிக்கிழமை வேக்ஸ் வாரம் தொடங்குகிற நாள். ஆலை எல்லாம் சாத்தி, ஊரே ப்ளாக்பூல் கடற்கரைக்குக் கிளம்பும். கொட்டுகிற மழை. மேவிசின் வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று பலகையில் எழுதிவிட்டார்கள். ஆர்னல்ட் போகவில்லை. மாவுக்குள் உருளைக்கிழங்கும் கறியும் வைத்துச் சுட்ட பை என்ற பலகாரம் ஒன்றைத் துண்டில் சுற்றி, கோட்டுக்குள் வைத்துச் சூடு ஆறாமல் காத்துக்கொண்டு நின்றார்.

வண்டியிலிருந்து இறங்கிய மேவிஸ் அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பெட்டி கையிலிருந்து நழுவியது.

"வந்திருக்கியா?" என்றாள். "தெரிஞ்சுமா வந்தே?"

தாமதத்தைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார் ஆர்னல்ட். "தெரிஞ்சுதான் வந்தேன்" என்றார். "அதனால என்ன? சும்மாதான இருந்தேன்."

மேவிஸ் அழுதாள். ஸ்டேஷனே பார்க்க, அந்த ஈரக் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். லண்டனுக்கு அவள் திரும்பிப் போகவே இல்லை. நடிப்பு அத்தோடு சரி. அடுத்த வசந்தத்தில் கல்யாணம்.

இதுதான் கதை. "வேலைக்காரியைப் பாருங்கள்" என்று பிள்ளைகளிடம் முடிப்பார். "நான் பார்த்தேன். பெண்டாட்டி கிடைத்தாள்."

வீட்டிலும் அந்த வார்த்தை ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது. சண்டை வந்தால் முதலில் இறங்கி வருகிறவள் மேவிஸ். அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, தலையில் கை வைத்து, "நீ தெரிஞ்சுதான வந்தே" என்பாள். "மழைன்னா மழை, லேட்டுன்னா லேட்டு" என்பார் இவர். அதற்கு மேல் சண்டை நிற்காது. குழந்தை தங்காமல் போன அந்த மோசமான வருசத்திலும் அவள் அதையேதான் சொன்னாள். 

அந்தத் தொடரை ஆர்னல்ட் தேடாத இடம் இல்லை. நேரடியாகப் போனதைச் சிலசமயம் ஃபிலிமில் பிடித்து வைப்பார்கள். பிறகு இடம் போதவில்லை என்று குப்பை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அப்படிப் போனதுதான் இதுவும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் கேட்காமல் பரண் பரணாக ஏறினார். கிடைத்ததெல்லாம் அடுத்தவர்களின் தொடர்கள். அவற்றையெல்லாம் பத்திரப்படுத்தி, எழுதி, பெயர் வாங்கினார். தன்னுடையது மட்டும் கிடைக்கவில்லை.

"எதுக்கு அதையே போட்டுத் தேடுற? நான்தான் பக்கத்துலயே இருக்கேனே" என்பாள் மேவிஸ். அவளுக்கு அதில் என்றைக்குமே உற்சாகம் கிடையாது. நடிகையாக முடியாத வருத்தம் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

புற்றுநோய் வந்து மேவிஸ் போனாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், குரல் வற்றிப்போன பிறகு, உதட்டால் மட்டும் ஏதோ சொன்னாள். ஆர்னல்ட் குனிந்து குனிந்து பார்த்தார். புரியவில்லை. எல்சி பக்கத்தில் இருந்தாள். "'நீ தெரிஞ்சுதான வந்தே'ன்னு சொல்றா, கண்ணு" என்றாள். அந்த முறை எல்சி சொன்னது நிஜம்.

பெண்டாட்டி கடைசியாகச் சொன்னதை இன்னொருத்தி படித்துச் சொல்ல வேண்டியிருந்ததே என்பது அவரை அரித்தது. காதும் மந்தமாகிக்கொண்டு வந்தது. உதடு படிக்கச் சொல்லித் தரும் வகுப்பு ஒன்று செவ்வாய்க்கிழமைகளில் நகராட்சிக் கூடத்தில் நடந்தது. யாரிடமும் சொல்லாமல் சேர்ந்தார். எல்சிக்குத் தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். தறிக்காரிகள் பதினைந்து வயதில் இலவசமாகக் கற்றதை ப்ரொபசர் அறுபதுக்கு மேல் காசு கொடுத்துக் கற்கிறார் என்று தெரு முழுக்கச் சொல்வாள். இரண்டு குளிர்காலம் விடாமல் போனார்.

அப்புறம்தான் ஜானிஸ் போன் செய்தாள். ஜானிஸ் பழைய ஃபிலிம் பாதுகாக்கும் காப்பகத்தில் வேலை செய்கிற பெண், ஒரு காலத்தில் அவரிடம் படித்தவள்.

"சார், உக்காந்திருக்கீங்களா?"

"நின்னுகிட்டுதான் இருக்கேன். சத்தமா சொல்லு."

"ஸ்டாக்போர்ட்டுல ஒரு வீட்டுப் பரண்ல ரெண்டு தகர டப்பா. செத்துப்போன டெக்னீஷியன் ஒருத்தர் வீடு. சார், உங்க வேலைக்காரி கெடச்சுட்டாங்க."

ஆர்னல்ட் உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை அவருடைய விடைபெறும் சொற்பொழிவு. அதில் அந்தப் படத்துண்டைப் போட்டுக் காட்டுவது என்று முடிவானது. ஜானிஸ் டிஸ்க்கில் பதிந்து அனுப்பினாள். ஆர்னல்ட் அதைத் தனியாகப் போட்டுப் பார்க்கவில்லை. பிள்ளைகளிடம் முப்பது வருசமாகச் சொன்ன பாடம் ஒன்று உண்டு: சாட்சியைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வரி எழுதாதே. ஆனால் அவருடைய பெயர்பெற்ற புத்தகத்திலேயே ஒரு வரி காதால் கேட்டது. "நடிகை தன் வருங்காலக் கணவரை ரயில் நிலையத்துக்கு அழைக்கிறார்" என்ற அடிக்குறிப்பு. அதற்குச் சாட்சி எல்சி மட்டும்தான். ஆகவே முதலில் எல்சியோடு பார்ப்பது, அவள் வாயால் இன்னொரு தரம் கேட்டு எழுதிக்கொள்வது. அதுதான் முறை என்று பட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் டிஸ்க் போடும் பெட்டியையும் வயரையும் தூக்கிக்கொண்டு எல்சி வீட்டுக்குப் போனார். எல்சிக்கு எழுபது தாண்டிவிட்டது. தறிச்சத்தம் காதைத் தின்றுவிட்டது. இரண்டு செவிடும் பேசிக்கொண்டால் அடுத்த வீட்டுக்குச் சண்டை மாதிரி கேட்கும்.

"கெடச்சிருச்சு எல்சி! நம்ம மேவிஸ்!"

எல்சி கையைத் துணியில் மறுபடி மறுபடி துடைத்தாள். "பை அடுப்புல இருக்கு" என்றாள்.

"பை எங்கயும் ஓடிப்போகாது."

"கண்ணாடியக் காணோம்."

"தலைமேல இருக்கு."

"ஏம்ப்பா ஆர்னல்ட், டப்பாவுல கெடந்தது டப்பாவுலயே கெடந்தா என்ன? அவளே போயிட்டா. பொம்மையப் பாத்து என்ன ஆகப்போவுது?"

"வியாழக்கிழமை ஊரே பாக்கப்போவுது. நீ பாக்க வேணாமா?"

அதைக் கேட்டதும் எல்சி உட்கார்ந்துவிட்டாள்.

படம் வந்தது. மழை பெய்த மாதிரிக் கோடு கோடாக. சோபா, துப்பறிவாளர், நீளமான பேச்சு. அப்புறம் சன்னலோரம் பத்தொன்பது வயது மேவிஸ்.  கன்னம் அவ்வளவு உருண்டையாக இருந்தது அவருக்கு மறந்தே போயிருந்தது.

உதடு அசைந்தது.

ஆர்னல்ட் படிக்க வேண்டும் என்று படிக்கவில்லை. செவ்வாய்க்கிழமைப் பழக்கம், கண் தானாகப் படித்துவிட்டது. *அக்கா, சனிக்கிழமை வரேன். ஆர்னல்ட்கிட்ட சொல்லிரு. காத்திருக்க வேண்டாம். இங்க வேற ஒருத்தர் இருக்கார்.*

"ஸ்டேஷனுக்கு வரச் சொல்றா, கண்ணு" என்றாள் எல்சி. அதே வார்த்தை, அதே குரல். "சனிக்கிழமை."

ஆர்னல்ட் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். மறுபடி. மேவிஸ் ஒவ்வொரு தரமும் அதையேதான் சொன்னாள்.

"எத்தனை தரம் போடுவே? நிறுத்து" என்றாள் எல்சி.

"ரெண்டு வருசமா உதடு படிக்கிற வகுப்புக்குப் போறேன், எல்சி."

எல்சி சிரிக்கவில்லை.

ஆர்னல்ட் கேட்டார்: "கடுதாசி எழுதியிருக்கலாமே."

"உனக்கு நேரா எழுத அவளுக்குத் தைரியம் இல்ல. வீட்டுக்கு எப்பிடி எழுதுவா? கடுதாசி வந்தா எங்கம்மா யாருகிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்வா? உன்கிட்ட. 'ஆர்னல்டு படிச்சாத்தான் மணியா இருக்கு'ம்பா. உன்னைப் பத்தின சேதிய உன் வாயாலயே படிக்க வைக்கிறதா? அன்னைக்கு உனக்கு மாலைப் பள்ளிக்கூடம். நீ இருக்க மாட்டேன்னு நெனச்சா. நாங்க ரெண்டு பேருதான் பாப்போம்னு நெனச்சா. அம்மா தெருவையே கூட்டி வைப்பான்னு அவளுக்கு என்ன தெரியும்?"

"அப்ப தெருவுக்கே தெரியும்."

எல்சி தலையைக் குனிந்தாள்.

"எல்லாருக்கும்?"

"அத்தனை பேரும் தறிக்காரி. ஒருத்தி விடாமப் படிச்சா. ஒருத்தியும் வாய் தொறக்கல. இன்னைக்கு வரைக்கும்."

மீன் கடை வரிசை அவர் நினைவுக்கு வந்தது. கூடையோடு நின்ற கிழவிகள், அவரிடம் மட்டும் எப்போதும் மெதுவாகப் பேசியவர்கள். துப்பறியும் கதையைப் பற்றி ஊரூராகப் போய்ப் பேசிய மனுசன். அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது அவருக்கு மட்டும் தெரியவில்லை.

"நீ ஏன் பொய் சொன்னே?"

"உன் மூஞ்சியப் பாத்தேன். மடியில சாஸர வச்சுக்கிட்டு, பெட்டியப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தே. அத்தனை பொம்பளைங்க முன்னால எப்பிடிச் சொல்றது? நாளைக்குத் தனியாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். மறுநாள் நீ ஸ்டேஷனுக்குப் போட்டுட்டுப் போகச் சட்டைக்குப் புதுக் காலர் வாங்கிட்டு வந்து காட்டினே. சரி, ஸ்டேஷன்ல அவளே சொல்லட்டும்னு விட்டுட்டேன். அவ சொல்லல. உன்கூடக் கை கோத்துக்கிட்டு வந்தா."

"அவன்?"

"அங்க ஸ்டூடியோவுல லைட் போடுறவனாம். ப்ளாக்பூல்லருந்து அவனுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டா. அத்தோட முடிஞ்சுது."

 கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி. கேட்காமலே எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார்.

"எனக்குத் தெரியாதுங்கிறது அவளுக்கு எப்பவாச்சும் தெரிஞ்சுதா?"

"இல்ல." எல்சிக்கு அழுகை வந்துவிட்டது. "நான் உன்கிட்டச் சொல்லிட்டேன்னுதான் கடைசி வரைக்கும் நெனச்சா. தெரிஞ்சும் மழையில பையோட வந்து நின்னியாம். 'அவன்கிட்ட அதைப் பத்திப் பேசவே முடியாதுக்கா, பேச்செடுத்தா ரயில் லேட்டுன்னு மாத்திருவான், அவ்ளோ பெரிய மனசு'ம்பா. அந்த ஒண்ணுக்காகத்தான், ஆர்னல்ட், அவ உன்கூட இருந்தா. புள்ள தங்காமப் போன வருசம் பெட்டியக் கட்டிட்டு இங்க வந்தா. 'தெரிஞ்சும் வந்தவனை விட்டுட்டு எங்கக்கா போறது'ன்னு சாயங்காலமே திரும்பிட்டா."

அடுப்பிலிருந்து கருகுகிற வாசனை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

பெண்டாட்டி மேல் கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பார். அவள் நாற்பத்துச் சொச்சம் வருசம் நேசித்தது மழையில் மன்னித்து நின்ற ஒரு மனுசனை. அந்த மனுசன் ஆர்னல்ட் இல்லை. இருபது வயது ஆர்னல்டை அவருக்கு நன்றாகத் தெரியும். ரோசக்காரன். நகராட்சியில் மேலதிகாரி ஒரு சொல் சொன்னதற்கு ஆறு மாசம் அந்த ஆளுக்கு வணக்கம் வைக்காதவன். ஒருத்தி வேண்டாம் என்றால் அவள் தெருப்பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டான்.

திரையில் மேவிஸ் தட்டோடு அசையாமல் நின்றாள். எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை.

"வியாழக்கிழமை என்ன சொல்லப் போற?" என்றாள் எல்சி. "அதுல ரெண்டு வரிசைக்கு நம்ம தெருக் கெழவிங்கதான் உக்காந்திருப்பாளுங்க."

ஆர்னல்ட் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி உட்கார்ந்தார்.

"இப்ப நான் ஒண்ணு சொல்றேன். படி."

சத்தமில்லாமல், உதட்டை அகல விரித்து, வகுப்பில் சொல்லிக் கொடுத்த மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். *தெரிஞ்சிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்.*

எல்சி கண்கொட்டாமல் பார்த்தாள். நானூறு தறிக்கு அந்தப் பக்கம் நிற்பவளின் முணுமுணுப்பை ஒரு சொல் தவறாமல் படித்தவள் அவள்.

"என்ன சொன்னேன்?" என்றார் ஆர்னல்ட்.

எல்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரையில் நின்ற தங்கச்சியை ஒரு தரம் பார்த்தாள்.

"தெரிஞ்சிருந்தாலும் வந்திருப்பேன்னு சொல்றே, கண்ணு."

ஆர்னல்ட் அவள் உதட்டையே பார்த்தார்.

"சரியாத்தான் படிச்சே" என்றார்.